கண் பட்ட வாக்கியங்கள்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகள் கொண்டுவந்து கொடுத்தாள். ஆசையாகக் கொடுக்கவில்லை. சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கிவிட்டவள், பக்கத்தில் நிற்பவர் கையில் திணிப்பாளே, அப்படிக் கொடுத்தாள்.

அவளை வீட்டில் சுண்டு என்று கூப்பிடுவோம். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுக்குத்தான் இருந்தாள். இப்போது எங்கள் எல்லோரையும்விட உயரம்; பெயர் மட்டும் வளரவில்லை. மனிதர்களும் கணினியும் எப்படிப் பழகிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ‘கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா, சொன்னா எனக்குப் புரியாது’ என்பது அவள் அம்மாவின் விளக்கம்.

ஒரு மத்தியானம் போன்கூடப் பண்ணாமல் வந்து நின்றாள். நான் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து ஒரு தலையணை உறையைக் கையில் எடுத்தவள், அதை மடிக்காமலே கேட்டாள்:

“சித்தி, உங்க கதையில ஆளுங்க பேசுறாங்களே, அதை அவங்கதான் பேசினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நல்லா கேட்ட போ! நான் பேச வெச்சாத்தானே அவங்க பேசுவாங்க?” என்று சிரித்தேன்.

அவள் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடித்ததும் (முடித்தாள் என்று சொல்ல முடியாது, நிறுத்தினாள்) ஒரு நிபந்தனை போட்டாள். “எழுதுறதுன்னா எழுதுங்க. ஆனா அவர் வாயில ஒரு வார்த்தைகூட நீங்களா போடக்கூடாது.”

ஆகட்டும் என்று சுலபமாகத் தலையாட்டிவிட்டேன். ஒருவரை வைத்துக் கதை எழுத வேண்டும், அவருக்காக ஒரு வார்த்தைகூட யோசிக்கக் கூடாது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

‘ஏலக்காரர் கண் விழித்தபோது தன் உடம்பு தன்னைவிட்டுப் போய்’

(இது அவர் தலைக்குள்ளே நுழைகிறது. எனக்கு அங்கே அனுமதி இல்லை.)

‘மொழி என்பது மனிதனின் கடைசி உடைமை என்றால், அதை இன்னொருவர் கையில்’

(கட்டுரை. நானே கொட்டாவி விட்டேன்.)

‘அந்த வீட்டு அம்மா கதவைத் திறக்கும்போதெல்லாம் சுண்டுவுக்குக் குற்றவாளி மாதிரி’

(இல்லை. முதல் சில வாரங்கள் அப்படி இல்லை. அவளுக்கு அப்போது பெருமைதான். பயம் பிறகு வந்தது. பயத்தை முன்னாடியே கொண்டுவந்து வைத்தால் கதைக்கு நல்லது, உண்மைக்கு நல்லதில்லை.)

ஆகவே நடந்தது நடந்தபடி.

3

ஏலக்காரர் பழைய சாமான்களை ஏலம் விடுகிறவர். பீரோ, கட்டில், கடைகளை மூடும்போது மிஞ்சும் மேசைகள், ஓடாத வண்டிகள். ஏலக் கூடத்தில் மைக் இல்லாமல் நின்று அவர் கத்தினால் வெளியே தெருவில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். வாயைத் திறந்தால் பாதி கிண்டல், பாதி வசவு. வாங்க வந்தவனைத் திட்டியே விலையை ஏற்றிவிடுவார். வீட்டிலும் அதே தொண்டைதான். ஊரில் யார் என்ன சொன்னாலும் அதை மறுத்துப் பேசிவிட்டுத்தான் மற்ற வேலை.

ஒருநாள் ஒரு மேசையை ஏலம் விட்டுக்கொண்டிருந்தபோது பாதி வார்த்தையில் சரிந்தார். மூளைத்தண்டில் அடைப்பு. உயிர் பிழைத்தது, உடம்பு பிழைக்கவில்லை. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது, வாயும் நாக்கும் அசையாது. கண் மட்டும் மேலும் கீழும் போகும், பக்கவாட்டில் கொஞ்சம். ஆனால் அறிவு முழுசாக இருக்கிறது, எல்லாம் காதில் விழுகிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

* இதை எழுதிய அன்று என் கட்டிலில் நானும் கொஞ்ச நேரம் அசையாமல் படுத்துப் பார்த்தேன். மூக்கு அரித்தது. அதோடு எழுந்துவிட்டேன்.

முதலில் இமையை வைத்துப் பேசிப் பார்த்தார்கள். ஒருமுறை சிமிட்டினால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. ஆனால் அவர் கண் வறண்டு தானாகவே சிமிட்டும். எது பதில், எது அரிப்பு என்று தெரியாமல் அவர் மனைவி அழுதுவிடுவார். அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து சுண்டு அந்த வீட்டுக்குப் போனாள், கையில் ‘பெட்டி’யோடு. பெட்டி என்பது அந்த அம்மா வைத்த பெயர்.

பெட்டி ஒரு திரை, அதற்குக் கீழே ஒரு கேமரா. அவர் கண் எங்கே நிற்கிறது என்று கேமரா கவனிக்கும். ஒரு எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்த எழுத்து விழும். ஆனால் எழுத்து எழுத்தாகச் சேர்த்தால் ஒரு வாக்கியத்துக்குள் மனிதன் களைத்துவிடுவான். அதற்காகத்தான் செயற்கை நுண்ணறிவு. எதிரில் இருப்பவர் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டு, இவர் என்ன பதில் சொல்ல நினைக்கக்கூடும் என்று கணித்து, திரையின் மேல் வரிசையில் மூன்று முழு வாக்கியங்களை வைத்துவிடும். வேண்டியதைப் பார்த்தால் போதும். பெட்டி அதை உரக்கச் சொல்லும். எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பார்த்துப் பார்த்துத் தானும் கற்றுக்கொள்ளும்.

சொல்லும் குரலும் அவருடையதே. பழைய ஏல வீடியோக்களிலிருந்து சுண்டு எடுத்துக் கொடுத்தாள். அத்தனை கூச்சலிலிருந்து பெட்டி ஒரு நிதானமான குரலைச் செய்துகொண்டது.

அந்தக் குரல் முதன்முதலாக அந்த அறையில், “உன்னைப் பார்த்ததும் நல்லா இருக்கு” என்றபோது அவர் மனைவி கையிலிருந்த தம்ளரைக் கீழே போட்டுவிட்டார்.

4

அந்த அம்மாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முதலில் அவரை ஒரு அப்பாவியாக எழுதினேன். சுண்டு படித்துவிட்டு, “அவங்க அப்பாவி இல்ல சித்தி. அவங்க சந்தோஷமா இருந்தாங்க, அவ்வளவுதான்” என்றாள். அடித்துவிட்டேன்.

சந்தோஷம்தான். “கல்யாணமான நாள்லேர்ந்து என்னை ‘ஏய்’னுதான் கூப்பிடுவார். இப்பப் பாரு பாப்பா, ‘நீ களைச்சுப் போயிட்ட, கொஞ்சம் படு’ங்கிறார். படுத்த பிறகுதான் மனுஷன் நிமிர்ந்திருக்கார்,” என்று சொல்லிச் சிரிப்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். பெட்டி எல்லோருக்கும் நன்றி சொல்லும். வானிலை கேட்டால் சொல்லும். யார் என்ன சொன்னாலும் ‘சரி’ என்னும்.

சுண்டுவின் பேராசிரியர் கருத்தரங்கில் காட்டிய படமே இதுதான்: கட்டில், திரை, சிரிக்கும் மனைவி. எல்லோரும் கைதட்டினார்கள். சுண்டுவும் தட்டினாள்.

பிறகு ஒருநாள் அவள் திரையைத் துடைப்பதற்காகக் குனிந்தாள். அவர் கண்களைக் கிட்டத்தில் பார்த்தாள். பெட்டி அப்போது பக்கத்து வீட்டுக்காரரிடம், “வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம்” என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கண்கள்

(இங்கே நான் ‘கெஞ்சின’ என்று எழுதியிருந்தேன். ‘கத்தின’ என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நான் போடுவது. அவள் சொன்னது இதுதான்: “சந்தோஷமா இல்ல.”)

5

டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். இன்னொரு அடைப்பு வரலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம். தலைக்குள் போகும் ரத்தக்குழாயில் வலை மாதிரி ஒரு சின்னக் குழாயை வைத்தால் தடுக்கலாம். ஆனால் இடம் மோசமான இடம். தவறினால் உயிர் போகலாம். உயிர் தப்பினாலும் கண் அசைவு போகலாம்.

ஆஸ்பத்திரி அறையில் டாக்டர், மனைவி, பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சுண்டு. டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, நேராக அவரிடமே கேட்டார்.

“உங்களுக்குச் சம்மதமா?”

சுண்டு அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கீழே எழுத்துகளுக்கு இறங்கியது. நின்றது. நடுங்கியது. மேலே நழுவியது. மறுபடி இறங்கியது, மறுபடி நழுவி மேல் வரிசையில் போய் நின்றுவிட்டது.

“சரி டாக்டர். நீங்க சொன்னா சரிதான்,” என்றது ஏலக்காரரின் குரல்.

டாக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மறுநாள் காலைக்கு ஏற்பாடு செய்யப் போனார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மா,” என்றாள் சுண்டு மெதுவாக, “ஐயா இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது ‘நீங்க சொன்னா சரிதான்’னு சொல்லியிருக்காரா?”

“அவரா? பொறந்ததுலேர்ந்து கிடையாது!” என்றார் அந்த அம்மா, பெருமையாக.



6

கண்ணால் இயக்கும் கருவிகளுக்கு ஒரு பழைய நோய் உண்டாம். கண் பார்ப்பதற்காக இருக்கிறது. நாம் அதையே விரலாகவும் ஆக்கிவிட்டோம். சும்மா பார்த்தாலும் கருவிக்கு அது கட்டளை. சுண்டுவுக்கு இது முதல் பாடத்திலேயே தெரியும். தெரிந்த விஷயம்தான் கண்ணில் படாது.

ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள். இன்னொரு பெட்டியில் ஏலக்காரருக்காகப் பழகிய அதே நிரலைப் போட்டாள். அவர் இடத்தில் தான் உட்கார்ந்தாள். ஆய்வுக்காகப் பதிவு செய்திருந்த டாக்டரின் பேச்சை ஓடவிட்டாள். எதையும் யோசிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டு, களைத்தவள் மாதிரி தலையைச் சாய்த்து, கண்ணை மட்டும் மேலே மிதக்கவிட்டாள்.

‘உங்களுக்குச் சம்மதமா?’

“சரி டாக்டர். நீங்க சொன்னா சரிதான்.”

அடுத்ததாக அந்த அம்மாவின் பதிவைப் போட்டாள்.

‘என்னங்க, எப்படி இருக்கீங்க?’

“உன்னைப் பார்த்ததும் நல்லா இருக்கு.”

எந்த வாக்கியத்தைக் கேட்டு அந்த அம்மா தம்ளரைத் தவறவிட்டாரோ, அதே வாக்கியம். அதே குரல். இங்கே அதைச் சொன்னவள் ஒன்றுமே நினைக்காமல் உட்கார்ந்திருந்த சுண்டு.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றாள். நாற்காலி காலி. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. ‘கால் வலிக்குதாங்க? பிடிச்சுவிடவா?’ என்று அந்த அம்மா கேட்டார். அறையில் வேறு யாரும் இல்லை.

“வேண்டாம்மா. நீ போய்க் கொஞ்சம் படு,” என்றது பெட்டி.

சுண்டு கத்திவிட்டாள். பிறகுதான் பார்த்தாள்: நாற்காலிக்குப் பின்னால் சுவரில் பழைய மாணவர்களின் குழுப்படம் ஒன்று மாட்டியிருந்தது. கேமரா அதிலிருந்த ஏதோ ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. படிப்பு முடித்து எங்கேயோ போய்விட்ட ஒரு மாணவரின் கண் போதும் அதற்கு. அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே நடத்தும்.

* இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய், என் மேசைக்கு எதிரே இருந்த கல்யாணப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். சிரிக்காதீர்கள்.

7

பேராசிரியரை நான் வில்லியாக எழுதியிருந்தேன்.

‘“இது வெளியே தெரிந்தால் நம் ஆய்வு என்ன ஆகும் தெரியுமா?” என்று பேராசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு’

சுண்டு கோபித்துக்கொண்டாள். “அவங்க அப்படி இல்ல சித்தி. அப்படி இருந்திருந்தா எனக்கு இவ்வளவு பயமா இருந்திருக்காது.”

உண்மையில் அந்த அம்மையார் முழுவதையும் கேட்டார். பெட்டி முன்னால் தானே உட்கார்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்: “அவர் களைச்சுப்போய் மேல பார்த்தார்னு நீ சொல்ற. விரும்பித்தான் பார்த்திருந்தார்னா? நோவு வந்த பிறகு மனுஷங்க மாறுறது இல்லையா? இது அவர் சொன்னது, இது சொல்லாததுன்னு பிரிக்க நீ யாரு, நான் யாரு?”

சுண்டு ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினாள்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு,” என்றார் பேராசிரியர். “சரி, நான் டாக்டர்கிட்ட பேசுறேன். நீ போய் அவரையே கேளு. மேல் வரிசைய அணைச்சுட்டுக் கேளு.”

8

சாயங்காலம் ஆஸ்பத்திரி அறை. சுண்டு அந்த அம்மாவை வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஏலக்காரர் எதிரிலேயே சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. எல்லாவற்றையும் சொன்னாள். காலி நாற்காலியையும் சொன்னாள்.

அந்த அம்மா கணவரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, “என் புருஷன் என்கிட்ட நல்லபடியா நாலு வார்த்தை பேசுறது உனக்குப் பொறுக்கலையா?” என்றார். குரல் உயரவில்லை. அதுதான் சுண்டுவுக்குத் தாங்கவில்லை.

மேல் வரிசையை அணைத்தாள். திரையில் எழுத்துகள் மட்டும் மிஞ்சின. மேலே நழுவிய கண்ணுக்கு இப்போது அங்கே பிடிக்க எதுவும் இல்லை. மெல்ல இறங்கியது.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு யுகம். பெட்டி எழுத்துகளைச் சேர்த்து வாசித்தது.

‘அது நா இல்ல.’

“எது?” என்றார் மனைவி.

‘பேச்சு.’

சுண்டு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஐயா, நாளைக்கு ஆபரேஷன். வேணுமா, வேணாமா?”

‘வேணாம்.’

“ஏன்?”

‘கண்ணு.’

(இந்தச் சொற்கள் அவருடையவை. ஒரு புள்ளியைக்கூட நான் கூட்டவில்லை. ‘கண்ணு’ என்பதற்கு விளக்கம் எழுதக் கை துடிக்கிறது. எழுதவில்லை.)

அந்த அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கணவர் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனார்.

“என்னங்க. இத்தனை நாள் என்கிட்ட பேசினீங்களே. அதுல ஒண்ணுகூடவா உங்களோடது இல்ல?”

கண் கீழே போனது. ஒ. வெகுநேரம் கழித்து, ண். பிறகு ணு.

‘ஒண்ணு.’

அதோடு இமை மூடிக்கொண்டது. மூச்சு சீராக வந்தது, தூங்கிவிட்டார்.

ஒண்ணு உண்டு என்று சொல்ல வந்தாரா, ஒண்ணும் இல்லை என்று சொல்ல வந்தாரா? ஒரு ‘ம்’ வந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த அம்மா சுண்டுவின் கையைத் தட்டினார். “களைச்சுட்டார். எழுப்பாத. விடியட்டும், கேட்டுக்கலாம்.”

9

விடிந்தபோது டாக்டர் பயந்த அடைப்பு வந்துவிட்டிருந்தது. மூச்சு இருக்கிறது, இதயம் ஓடுகிறது. திறந்த கண்கள் மேலே நிலைகுத்தி நின்றுவிட்டன. உள்ளே அவர் இருக்கிறாரா, கேட்கிறதா என்று டாக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை.

“முந்தின நாளே பண்ணியிருந்தா?” என்று சுண்டு கேட்டாள்.

“தடுத்திருக்கலாம். இல்ல, அங்கேயே முடிஞ்சிருக்கலாம். இத நீ கேட்டுட்டே இருந்தா பைத்தியம் பிடிச்சிடும்மா,” என்றார் டாக்டர்.

சுண்டு கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். ஆய்வில் நடந்ததையெல்லாம் பேராசிரியரும் அவளுமாக எழுதி அனுப்பிவிட்டார்கள். மேல் வரிசை இனி எந்த வீட்டுக்கும் போகாது. அது அவளுக்குத் தூக்கத்தைக் கொடுக்கவில்லை.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அந்த அம்மா அவளைக் கூப்பிட்டனுப்பினார். கோபம் ஒன்றும் இல்லை. தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொன்னார். கட்டிலோரம் திரை பழைய இடத்திலேயே நின்றது. யாரும் அழிக்காததால் ‘ஒண்ணு’ என்ற சொல்லும் அப்படியே இருந்தது.

“பாப்பா, அந்த மேல் வரிசைய மறுபடி போட்டுக் குடு.”

“அம்மா, அவர் கண்ணு அசையல. அது அவர் பேசுறது ஆகாது. பொய்.”

“பொய்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்.” அந்த அம்மா திரையைக் காட்டினார். “அவர் ஆரம்பிச்சு வெச்சுட்டுப் போயிட்டார். மிச்சத்த அது சொல்லட்டும். நான் அதக் கேட்டுட்டு இங்க உக்காந்திருக்கேன். அதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

சுண்டு கட்டிலைப் பார்த்தாள். நிலைகுத்திய கண்கள் சரியாக மேல் வரிசை இருந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. போட்டால் பெட்டி உடனே பேசிவிடும். ஓயாமல் பேசும்.

“பண்ணினியா?” என்று நான் கேட்டேன்.

அவள் தலையணை உறையை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு நான் எழுதியதையெல்லாம் படித்துத் திருத்தியவள், இதைப் பற்றி மட்டும் பேச மறுக்கிறாள்.

10

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் போட்டுவிடுகிறாள். ‘ஒண்ணு என்ன, எல்லாமே என்னோடதுதான்’ என்கிறது பெட்டி. அந்த அம்மா சிரிக்கிறார். எழுதியதும் எனக்கு மனம் லேசாகிவிட்டது. லேசானதுதான் என்னைப் பயமுறுத்தியது, கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் அவள் மறுத்துவிட்டு எழுந்து போகிறாள். அந்த அம்மா சத்தமே இல்லாத அறையில் அந்தக் கண்களுக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கும். அதற்கு மறுநாளும். இதை எழுதி முடிக்கும் தைரியம் எனக்கு இல்லை. பாதியில்

மூன்றாவது ஒன்று இருந்தாக வேண்டும் என்று பல நாள் தேடினேன். கட்டிலில் இருப்பவருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பது நினைவுக்கு வந்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

ஆகவே அறையை அப்படியே உங்களிடம் விடுகிறேன். அந்த அம்மா கட்டில் ஓரத்தில். சுண்டுவின் கை திரைக்குப் பக்கத்தில். இருவரும் காத்திருக்கிறார்கள். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் தடுக்கவில்லை. எழுதும்போது அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.